விடுபட்ட எண்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பத்து நிமிஷம்'. எந்த வேலையைக் கொடுத்தாலும் "பத்து நிமிஷத்துல முடிச்சுடறேன்" என்பாள். பெரும்பாலும் முடித்தும் விடுவாள். மூன்றே பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம். மாடியில் ஒரே அறை, கீழே டயர் கடை. முதலாளி ஒருவர், பக்கங்களை வடிவமைக்கும் ஒருவர், பைத்தான் மொழியில் நிரல் எழுதுவதற்கு இவள். ஊரிலிருந்த கண் மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பதிவுசெய்யும் செயலியை ஆறு வருஷத்துக்கு முன்னால் தனியொருத்தியாக உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவள் இவள்தான். முன்னால் ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பு, பின்னால் விவரங்களைச் சேமிக்கும் ஒரு டேட்டாபேஸ். "படுத்தாத குழந்தை" என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து போன் வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண்.

"மேடம், நேத்து எங்க சித்தி பேரை நானே பதிஞ்சேன். இன்னைக்கு டாக்டர் ரூம் பட்டியல்ல பேரே இல்ல."

"பதிவு பட்டனை அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன் மேடம். 'பதிவு முடிந்தது'ன்னு பச்சையில வந்துச்சு. போட்டோ கூட எடுத்து வெச்சிருக்கேன்."

"போட்டோவா? அது எதுக்கு?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க மேடம். அதான் சேர்ந்த நாள்ல இருந்து ஒவ்வொரு பேரையும் போட்டோ எடுத்துக்கறேன்."

"அனுப்புங்க. பத்து நிமிஷத்துல பார்த்துடறேன்" என்றாள் அவள். சொன்ன குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

படம் வந்தது. திரையில் சித்தியின் பெயர், வயது, வரவேண்டிய தேதி, தொலைபேசி எண். எண்ணுக்கான இடத்தில் இரண்டு எண்கள், நடுவில் ஒரு சாய்ந்த கோடு. கீழே பச்சைப் பட்டையில் 'பதிவு முடிந்தது'. டேட்டாபேஸில் தேடினாள். சித்தி இல்லை. பெயரின் பாதியைக் கொடுத்துத் தேடினாள், தேதியைக் கொடுத்துத் தேடினாள். அப்படி ஒருத்தி உலகத்திலேயே இல்லாததுபோல டேட்டாபேஸ் கையை விரித்தது.

தன் கணினியில் இருந்த சோதனைப் பிரதியைத் திறந்து, படத்தில் இருந்ததை அப்படியே ஓர் எழுத்து மாறாமல் அடித்தாள். பச்சைப் பட்டை வந்தது. பட்டியலில் பெயர் இல்லை. இரண்டாவது எண்ணை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். பச்சைப் பட்டை வந்தது, பெயரும் வந்தது.

இன்னொரு முறையும் செய்து பார்த்தாள். அதேதான்.

நிரலைத் திறந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதிய இடம். நோயாளியின் பதிவை ஓர் அட்டவணையில் எழுது, அவருக்கு அனுப்பவேண்டிய குறுஞ்செய்தியின் விவரத்தை இன்னோர் அட்டவணையில் எழுது. இரண்டையும் சேர்த்தே எழுது, ஒன்று தவறினால் மற்றதையும் விட்டுவிடு. அரைகுறைப் பதிவு எதுவும் தங்கக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதைச் சுற்றிலும் வேறு ஒன்று இருந்தது. ஒருநாள் காலை குறுஞ்செய்திச் சேவை படுத்துக்கொண்டு, வரவேற்பில் ஐம்பது பேர் வரிசையில் நிற்க, திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்தியாகக் கொட்டியது. மருத்துவமனை நிர்வாகி போனில் தாம்தூம் என்று குதித்தார். அன்றைக்கு அவசரத்தில் அவள் எழுதிச் சேர்த்தது இரண்டே வரி: எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாதே, மேலே போ. மேலே போனால் அடுத்த வரி பச்சைப் பட்டை.

அந்த இரண்டு வரியையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். இத்தனை காலம் வாயைப் பொத்தி வைத்திருந்த டேட்டாபேஸ் ஒரே வரியில் சொல்லிவிட்டது: எண் பதினைந்து எழுத்துக்கு மேல் நீளம், ஏற்க முடியாது. குறுஞ்செய்தி அட்டவணையில் தொலைபேசி எண்ணுக்கு ஒதுக்கியது பதினைந்து எழுத்துதான். நோயாளி அட்டவணையில் நாற்பது. அதை நாற்பதாக்கியதும் அவள்தான். ஒன்றை அகலமாக்கினாள், மற்றொன்றை மறந்துபோனாள்.

யாருக்காக அகலமாக்கினாள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

முன்பு அந்த வரவேற்பு மேசையில் இருந்தவரை மருத்துவமனையில் 'குண்டூசி' என்பார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. காகிதம் எது கிடைத்தாலும் ஒரு குண்டூசி குத்திவிடுவார், பேச்சிலும் அப்படித்தான். அவர் ஒருநாள் போன் செய்து கேட்டார்: "மேடம், வயசானவங்க போனை எடுக்கறதே இல்ல. மகன் நம்பர், மக நம்பர் ஒண்ணு கூடச் சேர்த்துப் போட இடம் பண்ணித் தர முடியுமா?" இவள் பத்தே நிமிஷத்தில் செய்துகொடுத்தாள். "ரொம்ப உபகாரம் மேடம்" என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

அன்றிலிருந்து குண்டூசி மட்டும்தான் மெனக்கெட்டு இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு எண்ணோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் பதிந்ததெல்லாம் தங்கியது. கவனமாகப் பதிந்தவர் பதிந்தது மட்டும் காற்றோடு போனது.

நாலு மாதத்தில் புகார்கள் வந்தன. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றவர்களிடம் "உங்க பேரே இல்லையே" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கடைசியாக ஒரு தையல்காரர். கண்ணில் அழுத்தம் இருந்தது அவருக்கு. மூன்று வாரத்தில் மறுபடி வரச்சொல்லி, தேதி குறுஞ்செய்தியில் வரும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். செய்தி வரவில்லை. அவர் காத்திருந்தார். மூன்று மாதம் கழித்து வந்தபோது இடது கண்ணில் ஓரப் பார்வை போயிருந்தது. விசாரணை வைத்தார்கள். நிர்வாகி இவளிடம் எழுத்தில் கேட்டார்: மென்பொருளில் கோளாறு இருக்குமா?

அன்றைக்கு இவள் அட்டவணையில் தையல்காரரின் பெயரைத் தேடினாள். இல்லை. அவ்வளவுதான் பார்த்தாள். நிறுவனத்தின் தாளில் இரண்டே வாக்கியம் எழுதி அனுப்பினாள்: 'மென்பொருளில் எந்தப் பிழையும் இல்லை. மேற்படி நபரின் பதிவு உள்ளிடப்படவில்லை.' அந்த வாரமே குண்டூசியை வேலையை விட்டு அனுப்பினார்கள். எட்டு மாதம் ஆகிறது.

சர்வருக்கு வரும் கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தையல்காரரைப் பதிந்த நிமிஷத்தில் வரவேற்பு மேசையிலிருந்து ஒரு கோரிக்கை வந்துபோன தடம் அதில் இருந்திருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் அந்தத் தடங்களை வைத்திருப்பதில்லை. இப்போது அதுவும் அழிந்துவிட்டது.

ஒன்று மட்டும் அழியாமல் இருந்தது. டேட்டாபேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கும். பதிவு பாதியில் கைவிடப்பட்டாலும் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்காது. அடுத்த எண்ணுக்குப் போய்விடும். இந்தச் செயலியில் பதிவை ரத்து செய்யலாமே தவிர அழிக்க வழியே கிடையாது. ஆக, எண் விடுபட்ட இடமெல்லாம் ஒரு ஆள். விசாரணை சமயத்திலும் அந்த இடைவெளிகள் அவள் கண்ணில் பட்டன. எண் விடுபடுவது சகஜம்தான் என்று தாண்டிப் போனாள்.

இப்போது எண்ணினாள். நாற்பத்தொன்று. அதில் இருபத்தேழு குண்டூசி இருந்த காலத்தில். மீதிப் பதினான்கு அவர் போன பிறகு, எப்போதாவது யாராவது இரண்டு எண் போட்டபோது.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். கீழே டயர் கடைக்காரருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"பண்ணிட்டேன். அந்த அட்டவணையையும் அகலமாக்கியாச்சு. பிழை வந்தா இனிமே சிவப்புல காட்டும்."

"அப்புறம் என்ன? புதுப் பொண்ணுகிட்ட ஒரு சின்னக் கோளாறு, சரியாயிடுச்சுன்னு சொல்லிடு."

"சார், அந்த அம்மாவை நான் எழுதின கடிதத்தை வெச்சுத்தான் அனுப்பினாங்க."

"எட்டு மாசம் ஆச்சும்மா. அவங்க வேற வேலை தேடியிருப்பாங்க. நீ இப்ப கிளறினா ஒப்பந்தம் போகும், உன் பேர் போகும், என் பேர் போகும். யாருக்கு என்ன லாபம்?" அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குப் பிரசவ விடுப்பு கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அதனாலேயே அவள் எதிர்த்துப் பேசாமல் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை வீட்டில் மகளுக்குத் தலை வாரும்போது சீப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "அம்மா, வலிக்குது" என்று குழந்தை கத்திய பிறகுதான் தெரிந்தது, ஒரே சிக்கைப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று. கணவன் சீப்பை வாங்கிக்கொண்டான். அவன் லிப்ட் பழுதுபார்க்கிறவன். முந்தின இரவே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"நீ என்ன பண்ணப்போறேன்னு தெரியாமலா இப்படி நிக்கற?" என்றான் பின்னலைப் போட்டபடி. "தெரியும். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல" என்றாள் அவள்.

"வேலை போயிடுச்சுன்னா?" என்று அவளே கேட்டாள்.

"போச்சுன்னா போச்சு. ரெண்டு மாசம் சமாளிப்போம். இப்படி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீ ரெண்டு மாசம் வீட்டுல சுத்தினா அதை என்னால சமாளிக்க முடியாது." பின்னல் கோணலாக வந்திருந்தது. குழந்தை கண்ணாடியைப் பார்த்து அழ ஆரம்பித்தது.

புதுப் பெண்ணிடம் கேட்டு விலாசம் வாங்கினாள். குண்டூசி இப்போது ஒரு சலவை நிலையத்தில் இருந்தார். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே நீளமான மேசை, பின்னால் ஆவியும் சோப்பு வாசமும். வருகிற துணி ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துண்டுச் சீட்டைக் குத்துவது அவர் வேலை. நிமிர்ந்து பார்த்தவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, போனில்தான் பழக்கம்.

"துணி வாங்கவா, கொடுக்கவா?"

"நான் அந்த ஆஸ்பத்திரி சாப்ட்வேர்..." என்று தொடங்கினாள்.

குண்டூசி மறுபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு ஒரு சட்டையை எடுத்துச் சீட்டைக் குத்தினார். "சொல்லுங்க. வேலை நேரம்."

வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் உதவிக்கு வரவில்லை. "நீங்க பதிஞ்சீங்க. எல்லாத்தையும் சரியாத்தான் பதிஞ்சீங்க. என் தப்புல அது அழிஞ்சுபோச்சு. நீங்க ரெண்டு நம்பர் கேட்டீங்கல்ல, அதை நான் ஒழுங்கா செய்யல. விசாரணைல நான் சரியாப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தேன்."

பின்னால் இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து மணியடித்தது. குண்டூசி உள்ளே போய், அதை நிறுத்திவிட்டு, வந்தார். வந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"எனக்கு வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சுன்னு நானே நம்பிட்டேன். தெரியுமா உங்களுக்கு? அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பிப் போயிருக்கேன். ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை. என் பொண்ணு என்னைத் தலைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போனா."

குண்டூசி அடுத்த துணியை எடுத்துச் சீட்டைக் குத்தினார்.

"நான் ஒரு நோட்டு வெச்சிருந்தேன். யாருக்கெல்லாம் ரெண்டாவது நம்பர் போட்டேனோ அவங்க பேரெல்லாம் தேதியோட அதுல இருக்கு. விசாரணைல மேசை மேல எடுத்து வெச்சேன். ஒருத்தர் புரட்டல. கம்ப்யூட்டரே இல்லைன்னு சொல்லுது, நோட்டு என்னம்மா நோட்டுன்னு கேட்டாங்க."

"அந்த நோட்டு இருக்கா?"

"இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

"என்னை மன்னிச்..."

"அதெல்லாம் இப்ப வேண்டாம்" என்று குண்டூசி வெட்டினார். "மன்னிச்சேன்னு சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப நான் தயாரா இல்ல. அங்க, அந்த நிர்வாகி முன்னாடி, என்னை உட்கார வெச்சு நீங்க சொல்லணும். முடியுமா?"

"முடியும்."

வெள்ளிக்கிழமை மதியம் நிர்வாகியின் அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். முதலாளியும் வந்திருந்தார். அவள் தானே போய்ச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும், "தனியா விட்டா நீ உளறுவே" என்று திட்டிக்கொண்டே சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவள் எதையும் பூசி மெழுகவில்லை. இரண்டு வரி, பதினைந்து எழுத்து, பார்க்காமல் எழுதிய கடிதம் என்று வரிசையாகச் சொன்னாள். பிறகு விடுபட்ட எண்களின் பட்டியலைத் தாளில் எடுத்துக் காட்டினாள்; கடைசிப் பதினான்குக்குப் புதுப் பெண்ணின் போட்டோக்களைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்த எண்களுக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் தேதி பக்கத்திலேயே இருந்தது. குண்டூசி நோட்டைத் திறந்தார். இவள் தேதியைப் படிக்கப் படிக்க அவர் பெயரைப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று போய் இருபத்தாறு பொருந்தியது. ஓர் எண்ணுக்குப் பெயர் இல்லை.

"அன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருந்திருக்கும். எழுத விட்டுப்போச்சு" என்றார் குண்டூசி. நோட்டில் முந்தின பக்கத்தையும் பிந்தின பக்கத்தையும் மாறி மாறிப் புரட்டினார். நிர்வாகி போதும் என்று சொன்ன பிறகும் புரட்டினார்.

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரும்பி வந்துடுங்கம்மா. பழைய மேசை, பழைய நாற்காலி. திங்கட்கிழமையே."

"வரல சார். அந்த நாற்காலில உட்கார்ந்தா ஒவ்வொரு பேருக்கும் எனக்குக் கை நடுங்கும். என் தப்பு இல்லைன்னு எழுத்துல கொடுங்க, அது போதும். அப்புறம், இந்த இருபத்தாறு பேருக்கும் யாராவது போய்ச் சொல்லணும்."

"நானும் வரேன்" என்றாள் அவள். யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. செயலியை ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். முதலாளி அதைப் படித்துவிட்டு அவள் மேசையில் வைத்தார். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், இனி இவள் எழுதுவதை வடிவமைப்பாளர் ஒரு முறை படித்துப் பார்த்த பிறகே சர்வரில் ஏற்ற வேண்டும் என்று ஒரு விதி போட்டார். வடிவமைப்பாளருக்குப் பைத்தான் தெரியாது. "தெரியாதவன் கேள்வி கேட்டாத்தான் நீ நிதானமாச் சொல்லுவே" என்றார்.

அந்த வாரம் சனிக்கிழமை காலை அவளும் குண்டூசியும் முதலில் தையல்காரர் வீட்டுக்குப் போனார்கள். இரண்டாவது மாடி, முன்னறையே தையலறை. ஜன்னலோரம் இயந்திரம், சுவரில் தொங்கிய பாதி தைத்த கால்சட்டைகள். அவர் இயந்திரத்தின் முன் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியபடி உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்க்க இப்போது அவர் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் மனைவி.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரத் தோன்றவில்லை. சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அவர். "மெசேஜ் வரலையேன்னு நான் ஒரு போன் பண்ணியிருந்தா சரியா இருந்திருக்கும்ல?"

அவளுக்கு ஒரு கணம் அந்தக் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் அவர் எதிரே போய் நின்றாள்.

"நீங்க பண்ண வேண்டியதில்லைங்க. காத்திருங்க, மெசேஜ் வரும்னு சொன்னது நாங்க. வராததுக்குக் காரணம் நான். தப்பு உங்களோடது இல்ல."

"ஒரு துளிகூட இல்ல" என்றார் குண்டூசி பக்கத்திலிருந்து. "நான் உங்க மகன் நம்பரையும் சேர்த்துத்தான் போட்டேன்."

தையல்காரரின் மனைவி கையிலிருந்த நூலை விட்டுவிட்டார். "எட்டு மாசமா இவரைத் திட்டித் தீர்க்கறேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "சோம்பேறித்தனம், ஒரு போன் பண்ண வலிக்குதான்னு. சாப்பாடு போடும்போதும் திட்டினேன். நேத்து ராத்திரி கூட." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தையல்காரர் எழுந்து, நிலைப்படியில் லேசாகத் தோள் இடித்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். வந்தவர்களுக்குத் தர வேண்டும் என்று பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

அவர் மன்னித்தாரா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மருத்துவமனை இனி அவருடைய சிகிச்சையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற கடிதத்தைக் கொடுத்தபோது மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "போன பார்வை வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று மட்டும் சொன்னார்.

படியிறங்கும்போது அவள் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குண்டூசி இரண்டு படி கீழே நின்று திரும்பிப் பார்த்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளைத் தொடவும் இல்லை. அவள் நிதானப்படும் வரை நின்றார்.

"அடுத்தது ஒரு டீச்சர், ரிட்டயர்டு" என்றார் நோட்டைப் பிரித்து. "பஸ்ல அரை மணி நேரம். வரீங்களா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?"

"வரேன்" என்றாள் அவள்.